அந்தோணி கொண்டுபோன காயிதம்

டெல்லி ஆர்.கே.புரத்தில் சர்க்கார் அலுவலகங்கள் நிறைந்த ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அந்தோணி என்று ஒரு பியூன் இருந்தார். ஆபீஸில் எல்லாருக்கும் அவர் ‘அவன்’தான். இங்கேயாவது ‘அவர்’ என்று இருக்கட்டும்.

சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். அந்தோணிக்கு மூக்கே அதுதான். ஒரு கவரைக் கையில் கொடுத்தால் முன்பக்கம் படிப்பார், திருப்பிப் பின்பக்கம் படிப்பார், எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது, யார் போட்டது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நகருவார். ஒரு தாள் மூன்று நாளுக்கு மேல் எந்த மேசையிலாவது தூங்கினால் அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பார். “இது ஏன் சார் இன்னும் இங்க கிடக்கு? இதுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசன் காத்துக்கிட்டு இருப்பான்ல?” என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பார். இந்தக் கேள்விக்காக அவரை மூன்று செக்ஷன் மாற்றினார்கள். இரண்டு முறை மெமோ கொடுத்தார்கள். ஒரு பியூனுக்கு இவ்வளவு திமிரா என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் எல்லாம் எண்பத்தொன்றாம் வருடத்துக்குப் பிறகு வந்தவர்கள். அதற்கு முன்னால் அந்தோணி போல வாய் பேசாத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவருக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் கடற்கரையில் சின்னமுனை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மணலில் ஐந்து மைல் நடந்தால் வரும் ஊர். எட்டாவது வரை படித்துவிட்டு, பங்குச் சாமியார் கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு பத்தொன்பது வயதில் டெல்லிக்கு ரயில் ஏறியவர். காக்கி உடுப்பு கிடைத்தது, அப்புறம் வேலை நிரந்தரமாயிற்று, அப்புறம் ஒரு அறை குவார்ட்டர்ஸ். நாலு வருடத்துக்கு ஒரு முறை மனைவி ஜெபமாலையையும் பையனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவார். இஸ்திரி போட்ட பேண்ட், கையில் கடிகாரம். ஊரில் அவருக்குப் பெயர் ‘டெல்லி அந்தோணி’. அக்கா பவுனு, “என் தம்பி சர்க்காருல இருக்கான்” என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சர்க்காரில் என்னவாக இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த எண்பத்தொன்றாம் வருடம் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஜெபமாலை கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தோணி கடைக்கு வெளியே மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, முந்தின நாள் வந்த இன்லண்டு கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். அக்கா சொல்லச் சொல்ல, சர்ச்சில் வேலை பார்க்கும் கோயில் பிள்ளை எழுதிய கடிதம்.

“தம்பி அந்தோணிக்கு அக்கா ஆசீர்வாதம். நீ அங்க இருக்கேன்ற தைரியத்துல இத்தனை நாளு சும்மா இருந்தோம். இனிமே இருக்க முடியாது. ஆடி மாசம் நம்ம ஊர்ல ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பாய்மரப் படகோட கரையில மாட்டுச்சே, அந்த விசயமா ஊரே சேந்து டெல்லிக்கு மனு போட்டோம்ல, நீதான் பாத்துக்கிட்டு இருப்பேன்னு இருக்கோம். உத்தரவு வராம படகைத் தொடக் கூடாதுன்னு போலீசு சொல்லிருச்சு. உங்க அத்தான் ஒரு நாளு உளி வச்சதுக்கு ஸ்டேசன்ல ராத்திரி வரைக்கும் உக்கார வச்சுட்டாங்க. அந்தப் பொம்பளைக்குக் கைப்புள்ள. பெரிய புள்ளைக்கு ஏழு வயசு. கோயில் பக்கத்து அறையில இருக்காங்க. அந்தப் படகுதான் அவங்களுக்கு வீடு, வேற வீடு இல்லையாம். வாடை திரும்பிருச்சு தம்பி. உனக்குத் தெரியாதா.”

அந்தோணிக்குத் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் ஆடிக் காற்று ஒதுக்கிய படகைக் கரையில் விட்டுத்தான் வைக்கும். ஐப்பசி தாண்டி வடக்கிலிருந்து வருகிற காற்று அப்படியில்லை. கரையையே பெயர்த்துக்கொண்டு போகும். முனையில் கட்டை கொடுத்து நிற்க வைத்த படகு அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. அக்கா புருஷன் செல்வராஜ் ஓடாவி, படகு கட்டுகிற தச்சர். அவர் கையில் விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் எந்தப் படகையும் தண்ணீரில் இறக்கிவிடுவார். அவரைக் கையைக் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள், எங்கிருந்தோ ஓர் உத்தரவு வரவேண்டும் என்று. எங்கிருந்து? அந்தோணி தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய்த் தண்ணீர்க் குடம் நிரப்புகிற இடத்திலிருந்து.

அந்தப் பெட்டி மேலேயே அவருக்கு உடம்பு கொதித்தது. யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம். ஜெபமாலை கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து, “என்னங்க, மொகம் ஏன் இப்பிடி இருக்கு?” என்றாள். “பேசாம வா” என்று நடந்தார்.

திங்கட்கிழமை செக்ஷன் ஆபீசர் சேஷன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தோணி அவர் மேசை முன்னால் நின்றார். சேஷன் கும்பகோணத்துக்காரர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். இன்னும் பதினாலு மாதத்தில் ரிட்டயர்மெண்ட். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர். நல்லது செய்யப் பயப்படுகிறவர்.

“சார், ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரங்க படகு கேசு, நம்மகிட்ட இருக்கா?”

“இருக்கே. உனக்கு எதுக்கு அது?”

“எங்க ஊரு சார்.”

சேஷன் அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்தார். மெல்லிசு ஃபைல். அந்தக் குடும்பத்தின் தூதரகம் எழுதிய கடிதம், மாவட்டத்திலிருந்து வந்த அரைப்பக்க ரிப்போர்ட். ‘படகு கரை ஒதுங்கிய விவரம், இணைத்துள்ள பொதுமக்கள் மனுவில் கண்டபடி’ என்று அந்த ரிப்போர்ட் ஒரே வரியில் முடித்திருந்தது. விபத்தில் வந்த படகா, கடத்தலுக்கு வந்த படகா என்று நேரில் பார்த்துச் சொல்கிற ஒரே சாட்சி அந்த மனு. மனு ஃபைலில் இல்லை.

“அது தமிழ்ல இருந்துது. ரூல்படி டிரான்ஸ்லேஷன் யூனிட்டுக்கு அனுப்பிச்சிருக்கேன். அது வந்தாத்தானே மேல நோட்டு போடலாம்?”

“எப்ப சார் அனுப்பிச்சீங்க?”

“பியூன் புக்கைப் பாரு.”

பியூன் புக் என்பது தபால் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போயிற்று என்று பதிகிற நீளப் புத்தகம். வாங்கியவர் கையெழுத்து அதில் இருக்கும். அந்தோணி அதைத் தினமும் கக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது வருடம் நடந்தவர். ஆகஸ்ட், செப்டம்பர் என்று பக்கங்களைப் புரட்டினார். செப்டம்பர் மூன்று. பதினேழாவது வரி. ‘தமிழ் மனு ஒன்று, ராமநாதபுரம் மாவட்டம், மொழிபெயர்ப்புக்கு.’ பக்கத்தின் தலையில், கொண்டுபோனவர் பெயர்: அந்தோணி.

அவரேதான் கொண்டுபோயிருக்கிறார்.

நினைவு வந்தது. அன்றைக்கு இருபதோ இருபத்திரண்டோ கவர். வழியில் கேண்டீனில் நின்று ஒரு டீ குடித்தார். அந்த மனு அப்போது கக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். ஊரின் கையெழுத்தெல்லாம் அவர் வேர்வையில் நனைந்துகொண்டு இருந்திருக்கிறது. ஒரு தரம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பியூன் பார்க்கக் கூடாது, வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்த பாடம் அது. கொடுத்ததைக் கொண்டுபோ, உள்ளே என்ன என்பது உன் வேலை இல்லை. அந்தப் பாடத்தை அவரைப் போல ஒழுங்காகப் படித்தவர் யாரும் கிடையாது.

டிரான்ஸ்லேஷன் யூனிட் அடுத்த கட்டடத்தில் மூன்றாவது மாடி. அங்கிருந்த பாபு வேர்க்கடலை உரித்துக்கொண்டே, மே மாதத்திலிருந்து தமிழ் நாற்காலி காலி, ஆள் போடவில்லை என்று ஹிந்தியில் சொன்னார். அறுபது நாளாக அந்தக் கவர் ஒரு கட்டுக்கு அடியில் பிரிக்காமலே கிடந்தது. கிணற்றில் போட்ட கல் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தோணி புத்தகத்தை நீட்டி, ‘மொழிபெயர்க்காமல் திருப்பப்பட்டது’ என்று எழுதி வாங்கிக்கொண்டு கவரோடு படியிறங்கினார்.

அவர் திரும்பி வந்தபோது லஞ்ச் நேரம். சேஷன் டிபன் டப்பாவைத் திறந்து தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. தொடர்கதைப் பக்கம். அதில் ஒரு பருக்கை விழுந்துவிடாமல் பத்திரமாகத் தள்ளி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தோணி கவரைப் பத்திரிகைக்கு மேல் வைத்தார்.

“படிங்க சார்.”

“என்னதிது? சாப்பிட்டிண்டிருக்கேன்.”

“நீங்க இப்பப் படிச்சுக்கிட்டு இருக்கீங்களே, அதே எழுத்துதான் சார் இது. அதே அ, ஆ. அஞ்சு நிமிசம் ஆகாது.”

“அந்தோணி, எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நான் சொன்னேனா? படிப்பேன். ஆனா ஆபீஸ்ல நான் படிச்சா அது படிச்சதா ஆகாது. ஆதரைஸ்டு டிரான்ஸ்லேட்டர் கையெழுத்து வேணும். நாளைக்கு ஆடிட்ல எவனாவது கேட்டா யார் பதில் சொல்றது? எனக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு.”

“அவங்களுக்குப் பதினாலு நாளு கூட இல்ல சார்! காத்து திரும்பிருச்சு! அங்க ஒரு கைப்புள்ளக்காரி உக்காந்திருக்கா, நீங்க இங்க தொடர்கதை படிச்சுக்கிட்டு...”

“வாய அடக்கிப் பேசு.”

“இருவது வருசம் அடக்குனேன் சார். அதான் இந்தக் கதி.”

செக்ஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பது எங்கேயோ கிராமத்தில் நடக்கிற முட்டாள்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்த அறையில் பதினோரு பேர். அதில் நாலு பேருக்குத் தமிழ் தாய்மொழி. நாலு பேரும் அந்த மனுவைத் தங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்திலிருந்து அனுப்பிவிட்டு, அது திரும்பி வரட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள்.

அந்தோணி கவரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். ஜாயின்ட் செக்ரடரி அறைக்கு வெளியே சின்னத் தடுப்புக்குள் அவருடைய பி.ஏ. அனந்தலக்ஷ்மி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, ஷார்ட்ஹாண்டில் மெடல் வாங்கியவள், யாரோடும் ஒட்டாதவள். உள்ளே நடந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது.

“எதுக்குக் கத்தினே?”

சொன்னார். கோபத்தோடு, அக்கா கடிதத்திலிருந்து கையில் இருந்த கவர் வரைக்கும். அவள் ஆரஞ்சுத் தோலைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போட்டாள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பென்சிலைக் கையில் எடுத்தாள்.

“உக்காரு.”

“மேடம், நான்...”

“ஸ்டூல்லதானே உக்காரச் சொல்றேன்? உக்காந்து படி. மெதுவா. நான் இங்கிலீஷ்ல எழுதிண்டே வரேன்.”

இருபது வருடத்தில் அந்தத் தடுப்புக்குள் அந்தோணி உட்கார்ந்தது அன்றுதான். கவரைப் பிரித்தார். நாலு தாள். கடைசித் தாளில் கையெழுத்துகள், ரேகைகள். எண்ணவில்லை, ஆனால் அறுபதுக்குக் குறையாது. மூலையில் ஒரே ஒரு ரேகை மட்டும் புளியங்கொட்டை அளவு. ஊரில் எந்தக் குழந்தையின் விளையாட்டோ என்று நினைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

“பெருமைக்குரிய டெல்லி சர்க்கார் சமூகத்துக்கு, சின்னமுனை ஊரார் எழுதிக்கொண்ட மனு. ஆடி இருபத்தைந்தாம் தேதி விடியற்காலம் பெருங்காற்று அடித்தது. எங்கள் முனைக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கும் பாறைப் பார்மேல் ஒரு பாய்மரப் படகு ஏறி நிற்கக் கண்டோம். பாய்மரம் பாதியில் ஒடிந்து, சுக்கான் கழன்று போயிருந்தது. நாங்கள் பதினொரு பேர் இரண்டு வள்ளத்தில் போய் ஒரு ஆண், ஒரு பெண், இரண்டு பிள்ளைகளை இறக்கினோம். படகில் இருந்தவை அடுப்பு, பாத்திரம், பிள்ளைத் துணி, புத்தகம், ஒரு பூனை. வேறு சாமான் எதுவும் இல்லை. ஏட்டையா சோதனை போடும்போது நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். அவர்கள் வழி தவறி வந்தவர்கள். நாங்கள் குடிக்கும் கஞ்சியைத்தான் குடிக்கிறார்கள்.”

அனந்தலக்ஷ்மியின் பென்சில் நிற்காமல் ஓடியது.

“ஆடியில் ஒதுங்கிய படகு ஐப்பசிக்கு மேல் நிற்காது. அதைச் செப்பனிட்டு இறக்க எங்கள் ஊர் ஓடாவி செல்வராஜ் தயாராக இருக்கிறார். பன்னிரண்டு நாள் வேலை. கூலி வேண்டாம். உத்தரவு ஒன்றே வேண்டும். இந்தச் சங்கதி எல்லாம் உண்மை என்பதற்கு...”

அந்தோணி நிறுத்திவிட்டார்.

“ம்? மேலே படி.”

“உண்மை என்பதற்கு, டெல்லி சர்க்காரில் உத்தியோகத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை அந்தோணியைக் கேட்டுக்கொள்ளக் கோருகிறோம். அவர் எங்களை அறிவார்.”

அனந்தலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு டைப்ரைட்டரில் தாளைச் செருகி, இருபது நிமிஷத்தில் ஒன்றேகால் பக்கம் அடித்து முடித்தாள். அடியில் மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் அவள் கை நின்றது. அவளுக்கும் வேலை முக்கியம். அந்தோணி தாளைத் தன் பக்கம் இழுத்து, தன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘பியூன்’ என்றும் எழுதினார். அதைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை.

“சேஷன் வழியா வரணும் அந்தோணி. இல்லேன்னா உன்னைத்தான் பிடிப்பா.”

“பிடிக்கட்டும் மேடம்.”

சேஷனின் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தார். மனுவையும் மொழிபெயர்ப்பையும் நூலில் கோர்த்துக் கட்டினார். இருபது வருடமாக மற்றவர்களுக்காகக் கோர்த்தவருக்கு அது தெரியாதா? ஜாயின்ட் செக்ரடரி அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் வரக்கூடாது என்று அர்த்தம். தள்ளிக்கொண்டு போனார்.

ஜாயின்ட் செக்ரடரி சாவ்லா பஞ்சாபி, முன்கோபி. “இதை யார் அனுப்பினது?” என்று ஹிந்தியில் உறுமினார். யாரும் அனுப்பவில்லை, நானே கொண்டுவந்தேன் என்றார் அந்தோணி. வெளியே போ என்று சொல்ல வாயைத் திறந்தவர், தாளின் அடியில் இருந்த ‘பியூன்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். கடைசி வரி வந்ததும் நிமிர்ந்தார்.

“யே அந்தோணி கௌன் ஹை?” யார் இந்த அந்தோணி என்று கேட்டார்.

“மை ஹூ, சாப்.” நான்தான் என்றார் அந்தோணி.

இவர்கள் பொய் சொல்லக்கூடியவர்களா என்று கேட்டார். மற்ற விஷயத்தில் சொல்லலாம் சாப், கடல் விஷயத்தில் சொல்ல மாட்டார்கள் என்றார் அந்தோணி. சாவ்லா இரண்டு வரி எழுதினார். இருக்கும் இடத்திலேயே படகைச் செப்பனிடலாம், முடிந்ததும் குடும்பம் புறப்படலாம், இன்றே தந்தி கொடுக்கவும். எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காகவா அறுபது நாள்!

தந்தி ஏழாம் தேதிதான் போயிற்று. இன்றே என்று எழுதிய பிறகும் அது ஐந்து நாள் தட்டெழுத்துக்கும் நகலுக்கும் நம்பர் போடவும் அலைந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். ஒவ்வொரு மேசையிலும் அந்தோணி போய் நின்றார், கத்தினார். நடுவில் சேஷன் மெமோ கொடுத்தார்: முறையான வழியை மீறியது, அங்கீகாரம் இல்லாத மொழிபெயர்ப்பைச் சமர்ப்பித்தது, மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு. அந்தோணி அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் கடைசியில் அக்காவின் அடுத்த கடிதம் வந்தது.

“உத்தரவு வந்துச்சு தம்பி. நீதான் வாங்கிக் குடுத்தேன்னு ஊரே சொல்லுது. ஒம்பதாந் தேதி உங்க அத்தான் வேலையைத் தொடங்குனாரு. ராவும் பகலும் பாத்தாரு. அந்த வெள்ளைக்காரரும் கூடவே இழைச்சாரு. பாய்மரம் நட்டாச்சு. அடிப்பலகை மாத்தியாச்சு. சுக்கான் மாட்டுறதும் பூச்சும்தான் பாக்கி. இன்னும் ரெண்டே நாளு. கார்த்திகை நாலாந் தேதி காத்து வந்துருச்சு. ஊரே போயிக் கயித்தப் புடிச்சோம். நிக்கல. காலையில பாத்தா பாதி மணல்ல, பாதி கடல்ல. அந்தப் பொம்பள அழுகல, எங்க பொம்பளைகதான் அழுதாளுக. உங்க அத்தான் உளிய எடுத்துக் கடல்ல எறிஞ்சுட்டாரு.”

இரண்டு நாள். அந்தோணி குவார்ட்டர்ஸ் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தந்தி அலைந்த ஐந்து நாளில் இரண்டு நாள் போதும். அறுபது நாளில் இரண்டு நாள் போதும். செப்டம்பர் மூன்றாம் தேதி கேண்டீனில் டீ குடித்த ஐந்து நிமிஷம் போதும். ஊர் முழுக்க அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் முதல் வாரம் டிரான்ஸ்லேஷன் யூனிட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழ் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டார், முன்பு மொழிபெயர்க்காமல் திருப்பி எடுத்துச் செல்லப்பட்ட மனுவை உடனே அனுப்பி வைக்கவும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! சேஷன் அதைப் படித்துவிட்டு மனுவைக் கவரில் போட்டு, “இதைக் குடுத்துட்டு வா. ஃபைல் முழுசா இருக்கணுமோல்லியோ” என்றார்.

“கொண்டுபோக மாட்டேன் சார்.”

“என்னது?”

“ஒரு தரம் கொண்டுபோனேன். போதும்.”

அது இரண்டாவது மெமோ.

அதே வாரம் வியாழக்கிழமை காலையில் மூடுபனி. அந்தோணி தண்ணீர் நிரப்பிவிட்டு வந்தபோது வராந்தாவில் அவருடைய பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், குளிரில் சிவந்த மூக்கு. நூல் சேலையை முக்காடாகப் போர்த்திக்கொண்ட ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி, பூப்போட்ட சீட்டிப் பாவாடைக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டர். தங்கள் நாடு திரும்ப ஏதோ ஒரு முத்திரை வேண்டும், அதற்காகச் சேஷனைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அந்தப் பாவாடைத் துணியைப் பார்த்ததுமே அந்தோணிக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய அக்கா தைக்கிற தையல் அது.

சிறுமி அவர் கையிலிருந்த குடத்தைப் பார்த்தாள். “பானி?” என்று அந்தோணி ஹிந்தியில் கேட்டார்.

“தண்ணியா? குடுங்க” என்றாள்.

குடுங்க என்று சின்னமுனையில் எப்படி இழுப்பார்களோ அதே இழுப்பு. டெல்லியிலேயே பிறந்த அந்தோணியின் மகனுக்கு அது வராது. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

“உம் பேரு என்னா தாயி?”

“லீனா. எங்க ஊரு சின்னமுனை. எங்க படகு ஒடஞ்சு போச்சு. பூனை ஓடிப்போச்சு. நீங்க தமிழா மாமா?”

“தமிழ்தான்.”

அப்போது சேஷன் குடும்பத்தை உள்ளே கூப்பிடுவதற்காக வாசலுக்கு வந்தார். வெள்ளைக்காரக் குழந்தை தமிழ் பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, “அடடே, என்னமாப் பேசறது!” என்றார். லீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்களும் தமிழா? இங்க எல்லாருமே தமிழா? எங்க ஊர்ல எல்லாரும் டெல்லிக்குக் காயிதம் எழுதுனாங்க. தமிழ்ல. நானும் ரேகை வச்சேன்.” கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். “அது வரலையா?”

புளியங்கொட்டை அளவு விரல். சேஷன் அந்த விரலையும் அந்தோணியையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

லீனா அந்தோணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் பதில் சொல்லாமல் போனால் அடுத்தவரைக் கேட்க வேண்டும் என்று சின்னமுனையில் கற்றுக்கொண்டிருந்தாள் போல.

“வந்துச்சு தாயி” என்றார் அந்தோணி. “மூணு மாசத்துக்கு முந்தியே வந்துச்சு. நாந்தான் கையில வாங்குனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் படிக்கல.”

அவள் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அவரை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

“உங்களுக்குப் படிக்கத் தெரியாதா மாமா?”

“தெரியும்” என்றார் அந்தோணி.